கேள்வித்தாளில் ஒரு கவிதை: எங்கிருந்து தொடங்குவது?

உயர்நிலை மூன்றில் படிக்கும் மாணவர் ஒருவர், ஒரு சனிக்கிழமை காலை சிங்கப்பூரின் தோ பாயோ நூலகத்தில் என் எதிரே அமர்ந்து, நான் கொடுத்த பதின்மூன்று வரிக் கவிதையை ஒருமுறை வேகமாகப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதோட மீனிங் என்ன?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவரே எழுதத் தொடங்கிவிட்டார்: "இக்கவிதை முதியோரை நாம் மதிக்க வேண்டும் என்ற கருத்தை வலியுறுத்துகிறது." கவிதையில் ஒரு பாட்டி வருகிறார் என்பது உண்மைதான். ஆனால் மதிப்பதைப் பற்றியோ மதிக்கத் தவறுவதைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. பாட்டி என்ற சொல்லைக் கண்டதும், தொடக்கப்பள்ளியில் பல கதைகளின் கீழே எழுதிப் பழகிய நீதி அவர் கைக்கு வந்துவிட்டது.

இது அந்த ஒரு மாணவரின் தவறு அன்று. நம் தேர்வுகளில், கொடுத்ததைப் படித்து விடை எழுதும் பகுதிக்குக் 'கருத்தறிதல்' என்று பெயர் வைத்திருக்கிறோம். கருத்து என்றதும் பிள்ளைகள் அறிவுரையைத் தேடிப் போகிறார்கள். உரைநடைப் பகுதியில் இந்தப் பழக்கம் ஓரளவு தப்பித்துவிடும், கவிதையில் தப்பிக்காது. தமிழ் இலக்கியத்தைப் பாடமாக எடுத்தவர்களுக்கும், ஆங்கில இலக்கியத் தேர்வில் முன்பின் படித்திராத கவிதையைச் சந்திக்கப் போகிறவர்களுக்கும், வகுப்புப் பயிற்சியில் எப்போதாவது ஒரு கவிதையை எதிர்கொள்கிறவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: விடை கவிதையின் சொற்களிலிருந்து புறப்பட வேண்டும். நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு நல்ல கருத்திலிருந்து புறப்பட்டால், எவ்வளவு அழகாக எழுதினாலும் அது வேறொரு கவிதைக்கான விடையாகிவிடும்.

அன்று நான் கொடுத்தது வகுப்புப் பயிற்சிக்காக நானே எழுதிய கவிதை. அதையே இங்கும் வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

பதினொன்றாம் மாடி

காலை ஏழு மணிக்கு
மின்தூக்கி
மாடிக்கு மாடி வாய் திறந்து
மூடிக்கொள்கிறது.

பதினொன்றில் ஏறுவார் யாரும் இல்லை.
கம்பிக் கதவுக்குப் பின்னால்
ஒரு நாற்காலி
வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது.

பாட்டி
இன்றும்
இரண்டு தம்ளர்களை எடுத்து வைக்கிறாள்.
ஒன்றை
மறுபடியும் கவிழ்க்கிறாள்.

முதல் வாசிப்பில் உட்பொருளைத் தேடவே கூடாது. யார், எங்கே, எப்போது, என்ன நடக்கிறது என்ற நான்கை மட்டும் சொல்லிப் பார்க்க வேண்டும். ஓர் அடுக்குமாடிக் கட்டடம், காலை ஏழு மணி, மின்தூக்கி வந்து போகிறது, ஒரு வீட்டின் கம்பிக் கதவுக்குப் பின்னால் நாற்காலி இருக்கிறது, பாட்டி இரண்டு தம்ளர்களை எடுத்து ஒன்றைத் திரும்பக் கவிழ்த்து வைக்கிறார். அவ்வளவுதான் நடக்கிறது. இதைச் சொல்லத் தெரியாமல் உட்பொருளுக்குத் தாவும் மாணவர், அடித்தளம் போடாமல் பதினொன்றாம் மாடியைக் கட்டுகிறார்.

புதுக்கவிதையில் இந்த வேலை எளிது. மரபுக்கவிதையில், குறிப்பாகப் பழைய பாடல்களில், அதற்கு முன் இரண்டு வேலைகள் இருக்கின்றன: சேர்ந்து கிடக்கும் சொற்களைப் பதம் பிரிப்பது, பிறகு வினைமுற்றைக் கண்டுபிடிப்பது. எல்லாரும் அறிந்த 391ஆம் குறளையே எடுத்துக்கொள்ளலாம். 'கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக.' இதில் 'கசடற' என்பது கசடு, அற என்ற இரண்டு சொற்கள். வினைமுற்றுகள் எவை என்று தேடினால் 'கற்க', 'நிற்க' என்று இரண்டு கிடைக்கும். நம் பேச்சில் வினை கடைசியில் வரும். இங்கே அது முன்னால் வந்திருக்கிறது. 'கற்பவை கசடறக் கற்க. கற்றபின் அதற்குத் தக நிற்க' என்று வரிசைப்படுத்தியதும் பாதிப் பொருள் தானே தெளிந்துவிடும். பாடலில் சொற்கள் இப்படி இடம் மாறி நிற்பதையும் தொடர்ந்து நிற்பதையும் நன்னூல் எட்டு வகைப் பொருள்கோளாக, அதாவது பொருள்கொள்ளும் முறைகளாகப் பிரித்துச் சொல்கிறது. அந்த எட்டின் பெயர்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வதைவிட, வினைமுற்றைக் கண்டு 'செய்பவர் யார்?' என்று கேட்கும் பழக்கம் தேர்வறையில் அதிகம் உதவும்.

அடுத்தது, பேசுகிறவர் யார் என்ற கேள்வி. கவிதையில் 'நான்' வந்தாலே அது கவிஞர்தான் என்று எழுதிவிடும் வழக்கம் நம் மாணவர்களிடம் பரவலாக இருக்கிறது. தமிழ் படிப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் வரவே கூடாது, ஏனென்றால் நம் அகப்பாடல்கள் தலைவி கூற்று, தோழி கூற்று, தலைவன் கூற்று என்று பேசுகிறவரைப் பெயரிட்டே நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஆண் புலவர் ஒருவர் தலைவியின் குரலில் பாடியதை அவருடைய சொந்தக் கதையாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே 'கவிஞர் தம் பாட்டியை நினைத்து வருந்துகிறார்' என்று எழுதுவதற்குப் பதிலாக, 'இக்கவிதையில் பேசுபவர்' என்று எழுதுவது பாதுகாப்பானது, சரியானதும்கூட. மேலே உள்ள கவிதையில் 'நான்' இல்லவே இல்லை. யாரோ ஒருவர் வெளியிலிருந்து பார்க்கிறார். மின்தூக்கிக்குள் நிற்பவராகக்கூட இருக்கலாம். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதாலேயே அவர் பாட்டியின் மனத்தை நேரடியாகச் சொல்லவில்லை, கைகள் செய்வதை மட்டும் சொல்கிறார்.

இப்போது சொற்களுக்கு வருவோம். நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான்.

மாணவர்கள் பெரிய சொற்களின் கீழே கோடு போடுகிறார்கள்: மின்தூக்கி, நாற்காலி, தம்ளர். தமிழ்க் கவிதையில் பல நேரங்களில் மிகச் சிறிய சொல்தான் பெரிய வேலையைச் செய்கிறது. 'பாட்டி இன்று இரண்டு தம்ளர்களை எடுத்து வைக்கிறாள்' என்று எழுதியிருந்தால், வீட்டுக்கு யாரோ விருந்தாளி வருகிறார் என்று நினைத்துக்கொள்வோம். 'இன்றும்' என்று ஓர் 'உம்' சேர்ந்ததும் நேற்றும் அதற்கு முந்தைய நாளும் உள்ளே வந்துவிடுகின்றன. இலக்கண நூல்கள் இதை எச்சவும்மை என்று சொல்கின்றன. சொல்லப்படாமல் எஞ்சி நிற்கும் ஒன்றை அது தழுவி வருகிறது. அந்த ஒரே இடைச்சொல் இல்லாவிட்டால் இந்தக் கவிதையில் பழக்கம் என்பதே கிடையாது. பழக்கம் இல்லையென்றால் இழப்பும் இல்லை.

அதுபோலவே 'மறுபடியும்'. தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைப்பது நம் வீடுகளில் வழக்கம். எடுத்ததை மறுபடியும் கவிழ்க்கிறார் என்றால், எந்த நிலையில் இருந்ததோ அதே நிலைக்கு அது பயன்படாமலே திரும்புகிறது என்பது ஒரு பொருள். நாள்தோறும் இப்படியே கவிழ்க்கிறார் என்பது இன்னொரு பொருள். இரண்டையும் சொற்கள் தாங்குகின்றன, ஆகவே இரண்டில் எதை எழுதினாலும் ஏற்கலாம். கவிதைக்கு ஒரே ஒரு சரியான பொருள்தான் உண்டு என்று நான் படித்த காலத்தில் எங்களுக்கு எழுதிப் போடப்பட்டது. கரும்பலகையில் இருந்ததை அப்படியே படியெடுத்தோம். கவிதையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது எங்களுக்கு நேர்ந்த இழப்பு என்றே இன்றும் நினைக்கிறேன்.

நாற்காலியைப் பார்ப்போம். அது 'இருக்கிறது' என்று எழுதாமல் 'உட்கார்ந்திருக்கிறது' என்று எழுதியிருக்கிறது. உட்காருவது மனிதர் செயல். நாற்காலியே உட்கார்ந்திருக்கிறது என்றால், அதில் உட்கார வேண்டியவர் எங்கே என்ற கேள்வி எழுகிறது. மின்தூக்கியும் அப்படித்தான், வாய் திறக்கிறது, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொள்கிறது. இப்படி அஃறிணைப் பொருளுக்கு மனிதச் செயலை ஏற்றிச் சொல்வதை மாணவர்கள் சட்டென்று 'தற்குறிப்பேற்ற அணி' என்று எழுதிவிடுகிறார்கள். அந்த அணிக்கு இன்னும் ஒரு படி வேண்டும்: இயல்பாக நடக்கும் ஒரு நிகழ்ச்சிக்குக் கவிஞர் தம் கற்பனையில் ஒரு காரணத்தை ஏற்ற வேண்டும். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் அசைகின்றன. கோவலனை 'வாராதே' என்று கைகாட்டித் தடுப்பதுபோல் அசைந்தன என்று இளங்கோவடிகள் பாடுகிறார். அசைவு இயல்பு, தடுப்பது ஏற்றிய குறிப்பு. நம் மின்தூக்கியில் அப்படி எந்தக் காரணமும் ஏற்றப்படவில்லை. அணியின் பெயர் ஐயமாக இருந்தால் பெயரை விட்டுவிட்டு, 'மின்தூக்கியை வாய் உள்ள உயிர்போலக் காட்டுகிறது' என்று பச்சையாக எழுதலாம். தவறான பெயரைவிட அது நூறு மடங்கு மேல்.

உவமை வரும் கவிதைகளுக்குத் தொல்காப்பியம் நமக்கு ஒரு கருவியைத் தந்திருக்கிறது. உவமை வினை, பயன், மெய், உரு என்ற நான்கின் அடிப்படையில் பிறக்கும் என்று உவமவியல் சொல்கிறது. புலிபோலப் பாய்ந்தான் என்றால் ஒப்புமை செயலில் இருக்கிறது. மழைபோன்ற கை என்றால் அதனால் கிடைக்கும் பயனில் இருக்கிறது. உடுக்கைபோன்ற இடை என்றால் வடிவத்தில், பவளம்போன்ற வாய் என்றால் நிறத்தில். குறுந்தொகையின் 40ஆம் பாடலில் 'செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே' என்று தலைவன் சொல்கிறான். புலவரின் இயற்பெயர் தெரியாததால் அவரை இந்த உவமையாலேயே செம்புலப் பெயனீரார் என்று அழைக்கிறோம். வகுப்பில் இதைக் கேட்டால், 'செம்மை காதலின் நிறம்' என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். நான்கையும் வரிசையாகப் பொருத்திப் பார்க்கச் சொல்வேன். செம்மண்ணில் விழுந்த மழை மண்ணோடு கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. நெஞ்சங்களும் அப்படிக் கலந்தன. 'கலந்தனவே' என்ற வினை அங்கேயே இருக்கிறது. ஒப்புமை எதில் என்பதைப் பாடலே சொல்லிவிட்டபோது நாம் வெளியிலிருந்து நிறத்தைக் கொண்டுவர வேண்டியதில்லை.

உணர்ச்சியைக் கேட்கும் வினாக்களுக்கும் பழைய நூலே கைகொடுக்கிறது. 'இக்கவிதையில் வெளிப்படும் உணர்வு யாது?' என்று கேட்டால் பத்தில் எட்டுப் பிள்ளைகள் மகிழ்ச்சி அல்லது சோகம் என்ற இரண்டில் ஒன்றை எழுதுகிறார்கள். தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்வதோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நந்நான்கு காரணங்களையும் தருகிறது. அழுகைக்கு உரிய நான்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இழிவாக நடத்துவதால் வரும் துயரம் வேறு, உரியவரையோ உரிய பொருளையோ இழப்பதால் வரும் துயரம் வேறு, முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்வதால் வருவது வேறு, இல்லாமையால் வருவது வேறு. என் மாணவரிடம் இந்த நான்கையும் தாளில் எழுதிக் காட்டி, 'பாட்டியின் துயரம் இதில் எது?' என்று கேட்டேன். 'முதியோரை மதிக்க வேண்டும்' என்று அவர் எழுதியபோது அவரை அறியாமலே முதலாவதைத் தேர்ந்தெடுத்திருந்தார். இப்போது தம்ளர்களைப் பார்த்தார். இரண்டாவதன் மேல் விரலை வைத்தார்.

ஓசையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எதுகை, மோனை எங்கே வருகின்றன என்று சுட்டுவதற்கு மட்டும் பெரும்பாலும் முழு மதிப்பெண் கிடைப்பதில்லை. அந்த ஓசை பொருளுக்கு என்ன செய்கிறது என்று ஒரு வாக்கியமாவது வேண்டும். வரியை எங்கே முறித்திருக்கிறார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. 'இன்றும்' தனி வரியாக நிற்பதால் நாம் அங்கே நின்று மூச்சு விடுகிறோம். 'ஒன்றை' என்பதும் அப்படியே தனித்து நிற்கிறது.

வெளியுலக அறிவை எவ்வளவு பயன்படுத்தலாம் என்று பெற்றோர் அடிக்கடி கேட்கிறார்கள். சிங்கப்பூரில் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கட்டடங்கள் பலவற்றில் மின்தூக்கி முன்பு எல்லா மாடிகளிலும் நின்றதில்லை. 2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகே அந்த நிலை பெரிதும் மாறியது. பாட்டியோடு படியேறிப் பழகிய ஒரு மாணவி, இக்கவிதையின் துயரத்துக்கு அதுவே காரணம் என்று முன்பொருமுறை எழுதினார். அவர் சொன்ன செய்தி உண்மை. ஆனால் 'மாடிக்கு மாடி வாய் திறந்து' என்று கவிதையே சொல்லிவிட்டது. இந்த மின்தூக்கி பதினொன்றிலும் நிற்கிறது. நின்றும் யாரும் ஏறவில்லை என்பதில்தான் வலி இருக்கிறது. நம் அனுபவம் கவிதைக்குள் நுழைய வழிகாட்டலாம், கவிதையின் சொல்லை மறுக்கக் கூடாது.

வீட்டில் ஆங்கிலம் மட்டுமே புழங்கும் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் இடர் உண்டு. அவர்கள் வரியைப் படித்ததும் மனத்துக்குள் ஆங்கிலத்தில் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள்; அப்படி மாற்றும்போது 'உம்' உதிர்ந்துவிடுகிறது. இதற்கு எனக்குத் தெரிந்த மருந்து வாய்விட்டுப் படிப்பதுதான். வீட்டில் ஒருவர் நிறுத்தி நிதானமாகப் படிக்க, பிள்ளை கேட்டுவிட்டு எந்தச் சொல்லில் குரல் தங்கியது என்று சொன்னால், தேர்வறையில் மௌனமாகப் படிக்கும்போதும் அந்தக் குரல் உள்ளே கேட்கும். தெரியாத சொல் வந்தால் பதறாமல், அதைச் சுற்றியுள்ள வினையையும் வேற்றுமை உருபையும் பார்த்து, அது ஆளா, பொருளா, இடமா, செயலா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். பல வினாக்களுக்கு அவ்வளவு தெரிந்தாலே போதும்.

இனி விடை எழுதுவது. வினாவின் சொல்லை முதலில் பார்க்க வேண்டும். 'எதை உணர்த்துகிறது?' என்பது பொருளைக் கேட்கிறது. 'எவ்வாறு உணர்த்துகிறது?' என்பது அந்தப் பொருளை எந்தச் சொல், எந்தக் காட்சி உண்டாக்கியது என்று கேட்கிறது. இந்த இரண்டாவது வினாவுக்குப் பொருளை மட்டும் எழுதிவிட்டு மதிப்பெண்ணை இழப்பவர்களே அதிகம். 'சொந்த நடையில் எழுதுக' என்றால் வரிகளை அப்படியே படியெடுக்கக் கூடாது. ஆனால் சான்றாக ஒரு சொல்லையோ தொடரையோ மேற்கோள்குறிக்குள் காட்டுவது வேறு, அதை விளக்கத்தோடு சேர்த்துச் செய்யலாம்.

மாணவருக்கு நான் கொடுத்த வினா, இரண்டு மதிப்பெண்ணுக்கு: 'பாட்டியின் தனிமையைக் கவிதை எவ்வாறு உணர்த்துகிறது?' அவருடைய முதல் விடை: "பாட்டி தனியாக இருக்கிறார். அவர் மிகவும் சோகமாக இருக்கிறார்." வினாவிலுள்ள தனிமையையே திருப்பிச் சொல்லிவிட்டு, கவிதை சொல்லாத ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறார். சொற்களைப் பற்றி மேலே சொன்னதையெல்லாம் பேசி முடித்தபின், அரைமணி நேரம் கழித்து அவர் எழுதிய விடை இது:

"பாட்டி 'இன்றும்' இரண்டு தம்ளர்களை எடுத்து வைப்பது, முன்பு காலையில் தம்முடன் அருந்திய ஒருவர் இருந்தார் என்பதையும் அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்பதையும் காட்டுகிறது. ஒரு தம்ளரை உடனே கவிழ்ப்பது, அந்த ஒருவர் இனி வரமாட்டார் என்பதை அவர் உணர்வதைக் காட்டுகிறது."

அந்த ஒருவர் தாத்தாவா, மகனா, வெளிநாடு போன பேரனா என்று அவர் எழுதவில்லை. கவிதை சொல்லாததால் அவரும் சொல்லவில்லை. அதைக் கண்டு எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. நான் பென்சிலால் ஒரே ஒரு சொல்லைச் சுழித்தேன்: 'உடனே'. உடனே கவிழ்த்தார் என்று கவிதையில் இல்லை. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டும் கவிழ்த்திருக்கலாம். அவர் அதை அடித்துவிட்டுச் சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "டீச்சர், அப்படின்னா 'இனி வரமாட்டார்'னு எழுதினதும் தப்புத்தானே? நாற்காலி இன்னும் வாசலைப் பார்த்துத்தானே இருக்கு?" என்று கேட்டார். நான் தலையசைத்தேன். அவர் அதையும் அடித்துவிட்டு, 'இன்று இல்லை' என்று மேலே எழுதினார்.